துவக்குக்குக் கண் பூட்டியவர்

"இன்னொருக்காப் பாப்பம்."

அவரை நினைக்கும்போது முதலில் காதில் விழுவது இதுதான். வேலை முடிந்துவிட்டது, கொடுத்து அனுப்பலாம் என்று மற்ற எல்லாருக்கும் தோன்றுகிற நேரத்தில் அவர் இதைச் சொல்வார். எங்களிடம் சொல்வதில்லை. கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடியைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டு, தனக்குத்தானே சொல்வார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கனடாவின் ஸ்காபரோவில், சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு தெருவில், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சாமான் விற்கிற கடையில் நான் வேலை பார்த்தேன். முன்மேசை என்னுடையது. தூண்டில், ரப்பர் சப்பாத்து, தோட்டாப் பெட்டி எல்லாம் நான் எடுத்துக் கொடுப்பேன். பின்னறை அவருடையது. வேட்டைத் துவக்கின் முதுகில் குறி பார்க்கிற தொலைநோக்கியைப் பூட்டி நேர்படுத்துவது அவருடைய வேலை. கடையில் அதை ஸ்கோப் என்போம். மன்னார்ப் பெண். ஐம்பதை நெருங்கிய வயது. கழுத்தில் சின்னச் சிலுவை, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, இறுக்கி முடிந்த கொண்டை. பின்னறைக் கதவைத் திறக்கிற வேட்டைக்காரர்கள், பிழையான கதவைத் திறந்துவிட்டோமோ என்று ஒரு அடி பின்னால் வைப்பார்கள்.

ஊரில் அவர் கன்னியர் மடப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். நுணுக்குக்காட்டிகளைத் துடைத்து, கண்ணாடிகளை நேராக்கி வைத்த கை. எங்கள் முதலாளி ஒரு ஹங்கேரிக்காரர். பைனாகுலர் துடைக்க ஆள் தேவை என்று அவர் கதவில் ஒட்டியிருந்த கடதாசியைப் பார்த்துவிட்டு இவர் உள்ளே வந்தார். ஆறு மாதத்தில் முதலாளி துவக்குகளையும் அவர் மேசையில் வைக்கத் தொடங்கிவிட்டார். "இவளுடைய கை நடுங்குவதில்லை" என்று எல்லாரிடமும் சொல்வார்.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இருவரும் டோர்செட் பார்க்கில் ஒரே மாடிக்கட்டடத்தில் இருந்தோம். காலையில் என் காரில்தான் கடைக்குப் போவோம். அவர் கார்க் கதவைச் சாத்திவிட்டு, பெல்ட்டைப் போட்டுவிட்டு, திரும்ப இறங்கி மேலே போவார். அடுப்பு நூர்ந்து அணைந்திருக்கிறதா என்று பார்க்க. என் மனைவிக்கு இது எரிச்சல். "உவவுக்காக நீங்கள் ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம் முந்தி வெளிக்கிடுறியள்" என்பாள். புருஷனை ஊரில் புதைத்துவிட்டு இரண்டு மகள்மாரோடு வந்தவர். அவர்களின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மேலே எழுதியிருக்கும் பெயரை இரண்டு தரம் வாசிப்பார். புள்ளிகள் பிறகுதான்.

பின்னறையில் அந்தக் குணம் ஒரு தொழிலாகிவிட்டது. மேசையில் தோல் சுற்றிய இரண்டு மரக்கவைகள் இருந்தன. அவற்றில் துவக்கைக் கிடத்துவார். பின்பக்கத்து இரும்புத் தண்டை உருவி எடுத்துவிட்டால் குழல் வெறும் குழாய்தான். பின்னாலிருந்து அதற்குள்ளே பார்க்கலாம். யன்னலுக்கு வெளியே புல்வெளிக்கு அப்பால் நின்ற மின்கோபுரத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் குமிழ் உண்டு. குழலின் வட்டத்துக்கு நடுவில் அந்தக் குமிழ் வரும்வரை துவக்கை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். பிறகு துவக்கை அசையாமல் விட்டு, ஸ்கோப்புக்குள்ளே பார்த்து, அதிலுள்ள சிலுவைக் கோடு அதே குமிழில் விழும்வரை, ஸ்கோப்பின் மேலேயும் பக்கத்திலும் உள்ள இரண்டு குமிழாணிகளையும் திருகுவார். குழல் பார்ப்பதையே ஸ்கோப்பும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. மற்றவர்கள் அத்தோடு விட்டுவிடுவார்கள். இவர் திரும்பக் குழலுக்குள் பார்ப்பார். திரும்ப ஸ்கோப்பில். தேநீர் குடித்துவிட்டு வந்து இன்னொருக்கா.

ஒருமுறை அவசரக்காரர் ஒருவர், ஸ்கோப்பைக் கண்ணுக்குக் கிட்டப் பூட்டித் தரும்படி நின்றார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் கேட்கவில்லை. அடுத்த கிழமை புருவத்தில் பிறைபோல ஒரு வெட்டோடு வந்தார். வெடி வைக்கும்போது துவக்கு பின்னால் உதைக்கும், ஸ்கோப்பின் விளிம்பு நெற்றியில் அடிக்கும். அக்கா பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, ஸ்கோப்பை முன்னால் தள்ளிப் பூட்டினார். "கண்ணை மூடித் துவக்கைத் தோளிலை வைக்கச் சொல்லுங்கோ தம்பி. இப்ப திறக்கட்டும். வட்டம் முழுசாத் தெரியுதோ எண்டு கேளுங்கோ." அவருடைய ஆங்கிலம் கொஞ்சம். அதனால் வாடிக்கையாளரோடு பேச என்னைத்தான் கூப்பிடுவார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தலாக இருந்தது. எங்கள் கட்டடத்தில் ஒரு வயதானவர் மாரடைப்பில் இறந்தார். மலர்ச்சாலையில் உடம்பைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அக்காவும் வந்தார். ஆட்கள் வரிசையாகப் போய்க் கும்பிட்டுவிட்டு நகர்கிறார்கள். அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். திரும்ப முகம். பின்னால் வரிசை தேங்கிவிட்டது. இறந்தவரின் மகன் வந்து "அன்ரி" என்று தோளைத் தொட்டார். அக்கா திடுக்கிட்டு, "அவர்தானே?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி, "அந்த மனுசிக்கு ஏதோ இருக்கு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அது என்னவென்று தெரிந்தது ஒரு பழைய துவக்கால்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு கிழவர் அதைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தார். உலக யுத்தத்துக்கு முந்தியது. அவருடைய தகப்பனின் சொத்து. மரக்கட்டை கறுத்து வழுவழுப்பாக இருந்தது. அந்தக் காலத்துத் துவக்குகளில் ஸ்கோப் பூட்ட இடமில்லை. குழலின் நுனியில் ஒரு இரும்பு முள், பின்னால் ஒரு பள்ளம், அவ்வளவுதான் குறி. ஸ்கோப் வேண்டுமென்றால் மேலிரும்பில் நாலு துளை போட்டு மரை வெட்ட வேண்டும்.

முதலாளி அதைக் கையில் வாங்கி, "இதைத் துளைத்தால் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். இதன் மதிப்பே போய்விடும்" என்றார்.

"மதிப்பு போகட்டும்" என்றார் கிழவர். "என் மகள் இதைக் கேட்கிறாள். நவம்பரில் மான் வேட்டைக்குப் போகப் போகிறாள். கண்ணாடி பூட்டாமல் இதை நான் அவளிடம் கொடுக்கமாட்டேன்."

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் வடக்கே ஒரு காட்டில், விடிந்து கொஞ்ச நேரத்தில், இந்தத் துவக்கால் தன்னுடைய தம்பியைச் சுட்டுவிட்டாராம். தம்பி மண்ணிறக் கோட்டுப் போட்டிருந்தானாம். மரங்களுக்கு நடுவில் குனிந்து நின்றானாம்.

அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாதி விளங்கியிருக்கும். மீதியை நான் சொன்னேன். கொஞ்ச நேரம் துவக்கைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "எவ்வளவு நேரம் பாத்தவராம் எண்டு கேளுங்கோ தம்பி" என்றார்.

எனக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டேன்.

"ஒரே ஒரு தரம்" என்றார் கிழவர். "மான் வரும் என்று காத்திருந்தேன். மானைத்தான் கண்டேன். இன்றைக்குக் கேட்டாலும் மான் என்றுதான் சொல்வேன்."

அக்கா தலையை ஆட்டினார். "நான் பூட்டித் தாறன். ஆனால் ஸ்கோப்பாலை ஆளைத் தேடக்கூடாது எண்டு மகளுக்குச் சொல்லச் சொல்லுங்கோ. அதுக்குள்ளாலை பாக்கேக்கை துவக்கு அந்தப் பக்கம் நீட்டினபடிதான் இருக்கும். துவக்கை நீட்டிக்கொண்டு பாக்கிறது பார்வையில்லை. முதல் பைனாகுலராலை பாக்கட்டும். என்னெண்டு தெரிஞ்ச பிறகு இதைத் தோளிலை வைக்கட்டும்."

நான் சொல்லி முடித்ததும் கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

அந்த வேலை மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒக்ரோபர் பிறந்தும் துவக்கு மேசையிலேயே கிடந்தது. மேலிரும்பில் ஒரேயொரு துளை. அதற்குப் பிறகு அக்கா துளைக்கருவியைத் தொடவில்லை. முதலாளி என்னிடம் மெல்லக் கேட்டார். "அவளுக்குச் சுகமில்லையா?"

மத்தியானச் சாப்பாட்டு நேரம் இரண்டு தேநீரோடு பின்படிக்குப் போனேன். அக்கா அங்கே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு விமானக் கடிதம், நீலக் கடதாசி. பல தரம் மடித்து மடிப்புகள் கிழியும் நிலையில் இருந்தது.

"வாசியுங்கோ" என்றார்.

மன்னாரில் ஒரு பெண் எழுதியிருந்தார். அவருடைய புருஷன் தொண்ணூறாம் ஆண்டு சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. அக்காவின் புருஷன் காணாமல் போன அதே கிழமை. தன் புருஷன் என்று அக்கா அடையாளம் காட்டிப் புதைத்த உடம்பைக் கழுவின கிழவன் எட்டு வருஷத்துக்குப் பிறகு இப்போது அந்தப் பெண்ணைச் சந்தித்திருக்கிறான். அந்த உடம்பில் இடது காலின் இரண்டு விரல்கள் ஒட்டியிருந்ததாகச் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண்ணின் புருஷனுக்கு இடது காலில் விரல்கள் ஒட்டித்தான் இருந்தன. ஆனால் கிழவனுக்கு இப்போது ஞாபகம் சரியில்லை. அடையாளம் காட்டின மனைவியே எழுதித் தந்தால்தான் கல்லறையில் பேரை மாற்றலாம் என்று மாதா கோயில் சுவாமியார் சொல்லிவிட்டார். கடைசி வரி எனக்கு இப்போதும் பாடம். 'அக்கா, நீங்கள் அண்டைக்கு அந்தக் காலைப் பார்த்தனீங்களோ?'

நான் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஒம்பதாம் நாள் சுவாமியார் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர்" என்றார் அக்கா. "பற்றைக்குள்ளை கிடந்த ஆள். முகம் பாக்கிற மாதிரி இல்லை. கட்டியிருந்த சாரம் அவரின்ரை சாரம் மாதிரித்தான். தாடியும் அப்பிடித்தான். மூடியிருந்த சீலையை ஒருக்காத் தூக்கினவை. நான் ஓம் எண்டனான்."

"அந்த நேரம் ஆருக்கும் பாக்க மனம் வராது அக்கா. நீங்கள் பிழை விட்டிருந்தாலும்..."

"பிழையில்லை தம்பி." அவர் குரல் உயரவில்லை. "காலைக் கண்டனான். விரல் ஒட்டியிருந்தது. என்ரை மனுசன்ரை கால் எனக்குத் தெரியாதோ? கண்டுட்டுத்தான் ஓம் எண்டனான். அடுத்த நாள் இந்தியாவுக்கு வள்ளம் போகுது. மூத்தவளுக்குப் பதினொரு வயசு, சின்னவளுக்கு எட்டு. இல்லையெண்டு சொன்னால் நான் நிண்டு தேடோணும். தேடினால் பிள்ளையள் என்னாகும்? ஓம் எண்டு சொன்னால் வள்ளம் ஏறலாம். நான் திரும்பப் பாக்கேல்லை. பாத்தால் இல்லையெண்டு சொல்லவேண்டி வரும்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு லொறி பின்பக்கமாக வந்து ஒலி எழுப்பிக்கொண்டு நின்றது.

"காலைக் காணேல்லை எண்டு எழுதினால் முடிஞ்சுது" என்றார். "ஆருக்கும் தெரியவராது. அந்தக் கிழவனுக்கும் ஞாபகமில்லை. வருசாவருசம் பூசை குடுக்கிறம். பிள்ளையள் அப்பாவுக்கு மெழுகுதிரி கொளுத்துதுகள். எல்லாம் அப்பிடியே கிடக்கும்."

"அப்ப அப்பிடி எழுதப்போறியளோ?"

அவர் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்குக் கோபமா இரக்கமா என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை. வேறொருத்தி எட்டு வருஷம் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த எட்டு வருஷமும் அவளுடைய புருஷன் இன்னொருவரின் பேருக்குக் கீழே கிடந்திருக்கிறான். அதே நேரம், அடுத்த நாள் வள்ளம். எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

மூன்றாம் நாள் காரில் ஏறியதும் சொன்னார். "எழுதிப் போட்டன் தம்பி. கண்டனான் எண்டு எழுதினன். கண்டும் சொல்லேல்லை எண்டும் எழுதினன்."

அன்றைக்கு அவர் அடுப்பைப் பார்க்க மேலே போகவில்லை.

தபாலில் போடுவதற்கு முதல் பிள்ளைகளை இருத்தி வைத்துச் சொல்லியிருக்கிறார். சின்னவள் அழுதிருக்கிறாள். மூத்தவள் அழவில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் அவள். தாய் சொல்லி முடியும்வரை கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் கேட்டாளாம், அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்திருக்கலாமா என்று. அக்கா இருந்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். "அப்ப நீங்கள் அவரை விட்டிட்டு வந்தனீங்கள்" என்று அவள் தமிழில் சொன்னாளாம். அந்தக் கிழமையே தோழியோடு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு தாயோடு பேசவில்லை.

கிழவரின் துவக்கில் மிச்ச மூன்று துளையையும் அக்கா ஒரே காலையில் போட்டார். மரை வெட்டி, தட்டைப் பதித்து, வளையங்களை வைத்து, ஆணிகளை மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கினார். பின்பக்கத்து இரும்புத் தண்டின் கைப்பிடி நேராக மேலே எழும்பி ஸ்கோப்பில் இடிக்கும் என்பதால் முதலாளி அதைச் சூடாக்கி வளைத்துக் கொடுத்தார். யன்னலில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் நூலோடு சிலுவைக் கோடு சரியாக ஒட்டும்வரை ஸ்கோப்பைச் சுழற்றினார். எத்தனை தரம் பார்த்தார் என்று நான் எண்ணவில்லை.

மேசையில் நேர்படுத்தியது போதாது. திடலுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்க்க வேண்டும். அது எப்போதும் முதலாளியின் வேலை. அக்கா வெடிச் சத்தம் கேட்கிற இடத்துக்கு வந்ததே இல்லை. அந்தச் சனிக்கிழமை, "நானும் வாறன்" என்றார்.

நகரத்துக்கு வடக்கே ஒரு திடல். குளிர் காற்று. கிழவரும் மகளும் வந்திருந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு, கன்னம் சிவந்த உயரமான ஆள். அக்கா அவளைக் கண்ணை மூடச் சொன்னார். துவக்கைத் தோளில் வைக்கச் சொன்னார். திறக்கச் சொன்னார். "வட்டம் முழுதாகத் தெரிகிறது" என்றாள். முதல் வெடிக்கு அக்காவின் தோள்கள் காதுவரை எழும்பின. கண்ணை மூடவில்லை. தூரத்துக் கடதாசியில் துளை நாலு விரல் இடப்பக்கம் விழுந்திருந்தது. அக்கா குமிழாணியைத் திருகினார். இரண்டாவது கிட்ட வந்தது. மூன்றாவது நடுவில். நாலாவதும் ஐந்தாவதும் அதன் பக்கத்தில், ஒரு சதக் காசின் அகலத்துக்குள்.

முதலாளி கைதட்டினார். கிழவர் அழுதார். மகள் தகப்பனின் முதுகைத் தடவிக்கொண்டு, "அப்பா, பைனாகுலர் என் கழுத்தில்தான் இருக்கும். எப்போதும்" என்றாள்.

திரும்பி வரும்போது, கார் விக்ரோரியா பார்க் தெருவில் திரும்புகையில் அக்கா, "அந்தாள் தம்பியைச் சுட்டுப்போட்டு நாப்பது வருசமா அதைச் சொல்லிக்கொண்டு திரியுது. நான் எட்டு வருசம் வாயே திறக்கேல்லை" என்றார்.

மன்னாரிலிருந்து பதில் தை மாதக் கடைசியில் வந்தது. உள்ளே ஒரு படம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சிலுவை, அதில் புதுப் பேர். ஒரு பெண்ணும் வாலிபப் பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றார்கள். அந்தப் பெண் ஒரு கோபச் சொல்லும் எழுதவில்லை. நானாக இருந்தாலும் வள்ளம் ஏறியிருப்பேன் என்று எழுதியிருந்தார். உங்களுக்கென்று ஒரு இடம் இல்லாமல் போய்விட்டது, விருப்பமென்றால் உங்கள் அவரின் பேரையும் அதே சிலுவையில் கீழே எழுதிவிடுகிறோம், இரண்டு பேருக்கும் சேர்த்துச் செபம் சொல்லலாம் என்று கேட்டிருந்தார்.

அக்கா படத்தை மேசை விளக்குக்குக் கீழே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல மனுசி" என்றேன். "எழுதச் சொல்லுங்கோ அக்கா. ஒரு ஆறுதல்."

"வேண்டாம்" என்றார். "ஒருக்கா அவரை நான் செத்தவர் எண்டு சொல்லிப்போட்டன். இன்னொருக்காச் சொல்லமாட்டன்." படத்தை உறைக்குள் வைத்தார். "இனி நான் அவரைப் பாத்துக்கொண்டிருக்கப்போறன். அந்தப் பிள்ளை எட்டு வருசம் பாத்துக்கொண்டிருந்தது. இனி என்ரை முறை."

அந்த வருஷம் அவர் புருஷனின் பேரில் கோயில் பூசைக்குக் கொடுக்கவில்லை. காணாமல் போனவர்களைத் தேடுகிற அலுவலகங்களுக்கெல்லாம் என்னைக் கொண்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவித்தார். ஊரிலிருந்து யார் வந்தாலும் போய்ச் சந்தித்து, புருஷனின் பழைய படமொன்றைக் காட்டுவார். அவர்கள் இல்லையென்று தலையாட்டினாலும் படத்தை உடனே வாங்கமாட்டார். கொஞ்சம் வைத்துப் பாருங்கோ என்பார். ஒரு தகவலும் வரவில்லை. அவரும் வரவில்லை.

பிறகு கடை கைமாறியது. நான் வேறு வேலைக்குப் போனேன். அக்கா சின்ன மகளோடு பக்கத்து நகரமான விட்பிக்குக் குடிபோனார். மூத்தவள் எப்போது தாயோடு திரும்பப் பேசத் தொடங்கினாள் என்பது எனக்குத் தெரியாது. விசேஷ நாட்களில் தொலைபேசியில் கதைப்போம். பிறகு அதுவும் குறைந்தது.

போன மாதம் தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்த்தேன். அதே முகம், வெள்ளைத் தலை. இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் சகோதரியும் என்று வழக்கமான வரிசை. பெற்றோரின் பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. தமையனின் பேருக்கு முன்னாலும் இருந்தது. புருஷனின் பேருக்கு முன்னால் இல்லை. அவருடைய பேரைப் போட்டு, 'அன்பு மனைவியும்' என்று மட்டும் இருந்தது.

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதிலை காலஞ்சென்ற எண்டதை விட்டிட்டினம்போலை" என்றாள்.

கீழே மூத்த மகளின் தொலைபேசி இலக்கம் இருந்தது. துக்கம் விசாரிக்க எடுத்தேன். யாரென்று சொன்னதும் கண்டுபிடித்துவிட்டாள். செத்தவீடு எப்போது, எங்கே என்று சொன்னாள். நான் தயங்கித் தயங்கி, அறிவித்தல் பார்த்தேன் என்றேன்.

"ஓம் அங்கிள்" என்றாள். "அது நான்தான் எழுதினனான்."